கன்டெய்னருக்குள் எந்த போர்ட் திறந்திருக்கிறது? உங்களுக்கு நடந்த கதையைச் சொல்லுங்கள்

இரவுக்காவல்

போன வாரம் ஒரு ராத்திரி முழுக்க ஒரே ஒரு போர்ட் எண்ணுக்குப் (நெட்வொர்க்கில் ஒரு புரோகிராமின் கதவு எண்) பின்னால் அலைந்தேன். இதே மாதிரி யாராவது மாட்டியிருந்தால் எழுதுங்கள், நான் மட்டும் தனியாக அசடு வழிய வேண்டாமே.

கைமாறி வந்த ப்ராஜெக்ட், டாக்கர் கன்டெய்னரில் (ஆப்பைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) ஓடுவது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், இமேஜைக் (கன்டெய்னருக்கான அச்சு) கட்டும் செய்முறையான டாக்கர்ஃபைலும் அவரோடு போய்விட்டது. மிஞ்சியது இமேஜ் கிடங்கான ரெஜிஸ்ட்ரியில் கிடந்த ஒரு இமேஜ் மட்டும். சரி, இமேஜையே கேட்டுவிடலாம் என்று டாக்கர் இமேஜ் இன்ஸ்பெக்ட் போட்டேன். எக்ஸ்போஸ்ட்போர்ட்ஸ் என்ற இடத்தில் 8080/டிசிபி என்று பளிச்சென்று இருந்தது. பிறகென்ன, 8080:8080 என்று (இடதில் சர்வரின் போர்ட், வலதில் கன்டெய்னரின் போர்ட்) மேப் செய்து ஓட்டினேன். ஓடும் கன்டெய்னர்களைப் பட்டியலிடும் டாக்கர் பிஎஸ் அடித்தால் இரண்டு 8080-க்கும் நடுவில் அம்புக்குறி போட்டு அழகாகக் காட்டுகிறது. லாகில் "சர்வர் தொடங்கியது" என்று ஒரு வரி. எந்த போர்ட்டில் என்று அதே வரியில் சேர்க்க அந்தப் புண்ணியவானுக்கு மனசு வரவில்லை.

கூப்பிட்டால் பதில் இல்லை. அதிலும் ஒரு வேடிக்கை. சர்வருக்குள் இருந்தே லோக்கல்ஹோஸ்ட்டைக் (மெஷின் தன்னையே குறிக்கும் பெயர்) கூப்பிட்டால் "கனெக்‌ஷன் ரீசெட்" என்கிறது. பக்கத்து மெஷினிலிருந்து கூப்பிட்டால் "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்" என்கிறது. ஒரே போர்ட்டுக்கு இரண்டு பிழைகள் எப்படி என்று அரை மணி நேரம் ஃபயர்வாலைக் குடைந்தேன். காரணம் எளிது. லோக்கல்ஹோஸ்ட்டில் வரும் அழைப்பை இடைத்தரகரான டாக்கர் ப்ராக்ஸி முதலில் எடுத்துக்கொள்கிறது, உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்ததும் கையை விரிக்கிறது, அதுதான் ரீசெட். வெளியிலிருந்து வருவது லினக்ஸின் பாக்கெட் விதிகளான ஐபிடேபிள்ஸ் வழியாக நேராகக் கன்டெய்னர் வாசலுக்கே போய்விடுகிறது, அங்கே கதவே இல்லை, அதனால் ரெஃப்யூஸ்ட்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. டாக்கர் போர்ட் கட்டளை போட்டுப் பார்த்தேன், அதுவும் 8080 என்றே சொன்னது. சொல்லாமல் என்ன செய்யும்? நான் என்ன மேப் செய்தேனோ அதைத்தானே அது திருப்பிச் சொல்கிறது! உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால் திறந்த போர்ட்களைக் காட்டும் எஸ்எஸ் இல்லை, நெட்ஸ்டாட் இல்லை. இமேஜை அவ்வளவு இளைக்க வைத்திருந்தார்கள்.

கடைசியில் ஹோஸ்ட்டிலிருந்தே (கன்டெய்னர் ஓடும் சர்வர்) எட்டிப் பார்த்தேன். டாக்கர் இன்ஸ்பெக்டில் ஸ்டேட் என்ற பகுதிக்குக் கீழே கன்டெய்னரின் பிஐடி (ப்ராசஸ் எண்) இருக்கும். அந்த எண்ணை என்எஸ்என்டர் கட்டளைக்குக் கொடுத்து, கன்டெய்னரின் தனி நெட்வொர்க் உலகமான நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்குள் மட்டும் நுழைந்து, ஹோஸ்ட்டில் இருக்கும் எஸ்எஸ்ஸையே ஓட்டலாம். ரூட் (முழு அட்மின்) உரிமை வேண்டும், அவ்வளவுதான். ஓட்டியதும் வந்த வரி: 127.0.0.1:3000.

8080 எங்கேயும் இல்லை. மேப்பிங்கை 8080:3000 என்று மாற்றி ஓட்டினேன், வெற்றி என்று நினைத்தேன், அதே ரீசெட். ஏனென்றால் 127.0.0.1 என்றால் கன்டெய்னரின் சொந்த லூப்பேக். உள்ளே இருப்பவர் தன்னோடு தானே பேசிக்கொள்கிறார். முகவரியை 0.0.0.0 (எல்லா முகவரியிலும் கேள்) என்று என்விரான்மென்ட் வேரியபிளில் மாற்றிய பிறகுதான் வாயைத் திறந்தது.

அப்படியானால் 8080 எங்கிருந்து வந்தது? இமேஜ் எப்படிக் கட்டப்பட்டது என்று காட்டும் டாக்கர் ஹிஸ்டரி போட்டால் அடியில், பேஸ் இமேஜின் லேயரில், எக்ஸ்போஸ் 8080 என்று ஒரு வரி. அது தாய் இமேஜிலிருந்து வந்த சீதனம். ஒரு முறை வந்துவிட்டால் கீழே எழுதும் டாக்கர்ஃபைலில் அதை நீக்கவும் வழியில்லை. எக்ஸ்போஸ் என்பது இமேஜ் எழுதியவர் விட்டுச்சென்ற குறிப்பு, எந்தக் கதவையும் அது திறப்பதில்லை. இதை நான் பல வருஷமாக அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் என்பதுதான் உச்சம்.

ஹெக்ஸ்பைத்தியம்

உங்களுக்கு ரூட் இருந்தது, கொடுத்து வைத்தவர். எனக்கு ஹோஸ்ட் பக்கமே போக அனுமதி இல்லை. ஓடும் கன்டெய்னருக்குள் கட்டளை ஓட்டும் டாக்கர் எக்ஸெக் வழியாக உள்ளே போனால் ஃபைலைக் காட்டும் கேட் கட்டளை மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ப்ராக் அடைவுக்குள் இருக்கும் நெட், அதற்குள் டிசிபி என்ற ஃபைலைத் திறந்தேன். எல்லாமே பதினாறடிமான எண்கள். முகவரி திருப்பிப் போட்டிருக்கும், 127.0.0.1 என்பது 0100007எஃப் என்று வரும். போர்ட் மட்டும் நேராகவே இருக்கும், 1எஃப்90 என்றால் 8080. நிலை என்ற பத்தியில் 0ஏ என்று இருந்தால்தான் லிசன் செய்கிறது (அழைப்புக்குக் காத்திருக்கிறது) என்று பொருள், மற்றதைத் தள்ளிவிடலாம்.

அப்படிப் பார்த்ததில் லிசன் செய்யும் வரி ஒன்றே ஒன்றுதான். முகவரி 0பி00007எஃப், ஏதோ ஐந்து இலக்க போர்ட். எங்கள் ஆப் அந்த போர்ட்டில் இல்லவே இல்லை. யாரோ உள்ளே புகுந்து கதவு வைத்துவிட்டார்கள் என்று நினைத்தே விட்டேன், டீமில் செய்தியும் அனுப்பிவிட்டேன். பத்து நிமிஷத்தில் சீனியர் ஒருவர் பதில் போட்டார்: "தம்பி, அது 127.0.0.11. டாக்கரோட சொந்த டிஎன்எஸ், பெயரை முகவரியா மாத்துறது. நாமே உருவாக்கின நெட்வொர்க்கில் கன்டெய்னரைச் சேர்த்தால் அது இருக்கும். போய்த் தூங்கு."

தூங்கவில்லை. அப்படியானால் ஆப் எங்கே? பக்கத்திலேயே டிசிபி6 என்று இன்னொரு ஃபைல் இருந்தது. ஜாவா ஆப் ஐபிவி6 (புது முகவரி முறை) சாக்கெட்டில் உட்கார்ந்துகொண்டு ஐபிவி4 அழைப்புகளையும் அதிலேயே வாங்கிக்கொண்டிருந்தது. முதல் ஃபைலில் எப்படித் தெரியும்? இரண்டையும் பாருங்கள்.

புதுசு

நான் சின்னதாக ஒன்று சொல்லிவிடுகிறேன். டாக்கர் பிஎஸ்ஸில் போர்ட்ஸ் பத்தி காலியாக இருந்தது. ஓ, இது எதையும் வெளியே காட்டவில்லை, பத்திரமாக இருக்கிறது என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். அந்தக் கன்டெய்னர் ஹோஸ்ட் நெட்வொர்க் முறையில் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது மேப்பிங்கே தேவையில்லை, உள்ளே எது திறந்தாலும் அது நேராக ஹோஸ்ட்டின் போர்ட். இருந்ததிலேயே அதிகம் திறந்து கிடந்தது அதுதான்.

பழைய அட்மின்

புதுசு சொன்னதன் மறுபக்கம் என்னிடம் இருக்கிறது. நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்கும்.

ஒரு வாடிக்கையாளரின் சர்வர். யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டு 22, 80, 443 மூன்றைத் தவிர எல்லாவற்றையும் அடைத்திருந்தேன். ஸ்டேட்டஸ் பார்த்தால் அவ்வளவு திருப்தி. டெவலப்பர் ஒருவர் வசதிக்காக போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் கன்டெய்னருக்கு 5432:5432 என்று போட்டிருந்தார். ஃபயர்வால்தான் இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு நாள் வெளியிலிருந்து போர்ட் ஸ்கேன் செய்யும் என்மேப் ஓட்டினேன், 5432 ஓப்பன் என்று வந்தது. முதலில் ஐபியைத் தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நடப்பது இதுதான். டாக்கர் தன் விதிகளை முகவரி மாற்றும் நாட் டேபிளில் எழுதுகிறது. வரும் பாக்கெட்டின் சேருமிடம் அங்கேயே கன்டெய்னராக மாற்றப்பட்டுவிடும், அப்புறம் அது, கடந்துபோகும் பாக்கெட்டுகளுக்கான விதி வரிசையான ஃபார்வர்ட் செயின் வழியாகப் போய்விடும். யுஎஃப்டபிள்யூவில் நான் போட்ட தடைகள் சர்வருக்கே வரும் பாக்கெட்டுகளுக்கான இன்புட் செயினில் காத்துக்கொண்டிருந்தன. முன்வாசலில் காவலாளி, வந்தவன் பின்வாசல் வழியே போய்விட்டான். நல்லவேளை, பாஸ்வேர்ட் பலமாக இருந்தது. லாகில் முயற்சிகள் வரிசையாக நின்றன.

அன்றிலிருந்து டேட்டாபேஸ் எதுவானாலும் 127.0.0.1:5432:5432 என்று முகவரியோடு எழுதச் சொல்வேன். வெளியே திறந்தே ஆகவேண்டும் என்றால் நம் விதிகளுக்கென்று இருக்கும் டாக்கர் யூசர் செயினில் விதி போடுவேன். பெரும்பாலும் இரண்டும் தேவைப்படாது. ஆப்பும் டேட்டாபேஸும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் இருந்தால் மேப்பிங் இல்லாமலே, ஏன், எக்ஸ்போஸ் கூட இல்லாமலே, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். இதைச் சொன்னால் நம்பாதவர்களே அதிகம். வசதிக்காக ஒரு வரி என்று போடுகிறவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

பாட்_பிடிப்பவன்

குபர்னெட்டிஸ்காரர்கள் (பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருளைப் பிடித்தவர்கள்) யாரும் வாய் திறக்கவில்லையே, நான் சொல்கிறேன். கன்டெய்னர்போர்ட் என்று யாமல் அமைப்பு ஃபைலில் எழுதுவதும் எக்ஸ்போஸ் மாதிரி வெறும் தகவல்தான், எழுதாவிட்டாலும் அந்த போர்ட் வேலை செய்யும். என்னை ஏமாற்றியது அது இல்லை, போர்ட் ஃபார்வர்ட்.

பாடுகளுக்கு (பாட் என்பது குபர்னெட்டிஸில் கன்டெய்னர் ஓடும் அலகு) முன்னால் நிற்கும் பொது முகவரியான சர்வீஸ் வழியாகப் போனால் ஆப் வரவில்லை. கியூப்சிடிஎல் கட்டளையில் போர்ட் ஃபார்வர்ட் (என் மெஷினின் போர்ட்டைப் பாடோடு இணைப்பது) போட்டால் ஜம்மென்று வருகிறது. ஆப் நன்றாக இருக்கிறது, சர்வீஸில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, செலக்டர், டார்கெட்போர்ட், நெட்வொர்க் பாலிசி எல்லாவற்றையும் ஒரு நாள் முழுக்கப் பிரித்துப் போட்டேன். போர்ட் ஃபார்வர்ட் பாடுக்கு உள்ளே போய் அங்கிருந்து லோக்கல்ஹோஸ்ட்டைக் கூப்பிடுகிறது. ஆப் 127.0.0.1-ல் மட்டும் லிசன் செய்தாலும் அதற்குக் கேட்டுவிடும். சர்வீஸ் பாடின் ஐபிக்கு வருகிறது, அதற்குக் கேட்காது. இரவுக்காவல் மாட்டிய அதே லூப்பேக், வேறு வேஷத்தில்.

இரவுக்காவல்

எல்லோருக்கும் நன்றி, இப்போது கொஞ்சம் நிம்மதி. பழைய அட்மின் எழுதியதைப் படித்துவிட்டு, எங்கள் சர்வரிலும் வெளியிலிருந்து ஒரு ஸ்கேன் ஓட்டிப் பார்த்தேன். 6379 திறந்திருக்கிறது. ரெடிஸ் டேட்டாபேஸ் கன்டெய்னர். போட்டது யார் என்று கன்டெய்னர் அமைப்புகளை எழுதும் கம்போஸ் ஃபைலுக்கு, எந்த வரியை யார் எழுதியது என்று காட்டும் கிட் ப்ளேமைப் பார்த்தேன். நான்தான். மூடிவிட்டு வருகிறேன்.