கிளமிடியா தொற்று: மாத்திரை முடிந்தால் கருத்தரிக்கலாமா?

அல்சூர்வாசி:
எனக்கு வயது 29. திருமணமாகி மூன்று ஆண்டுகளாகியும் கரு தங்காததால் ஜெயநகரில் ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்த்தோம். பரிசோதனையில் எனக்கு, உடலுறவால் பரவும் கிளமிடியா என்ற கிருமித் தொற்று இருப்பதாக வந்திருக்கிறது. வலியோ வெள்ளைப்படுதலோ எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஏழு நாளுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை தந்திருக்கிறார்கள். அதை முடித்தால் சரியாகிவிடுமா? கணவரிடம் சொல்ல இன்னும் நா எழவில்லை.

ஓய்வுபெற்ற செவிலி, ராஜாஜிநகர்:
முதலில் முடிவுத்தாளைப் பாருங்கள். ரத்தத்தில் பார்க்கும் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் சோதனை என்றோ வந்துபோன தொற்றையும் காட்டும். கிருமி இப்போது இருக்கிறதா என்பதைச் சிறுநீரிலோ பிறப்புறுப்பிலிருந்து எடுத்த பஞ்சுக்குச்சி மாதிரியிலோ, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைதான் சொல்லும். பெரும்பாலான பெண்களுக்கு அறிகுறியே தெரியாது. கருப்பை வாயில் தங்கும் கிருமி சிலருக்கு மெல்ல மேலேறிக் கருக்குழாயைப் புண்ணாக்கி, முட்டையை நகர்த்தும் நுண்ணிழைகளைக் கெடுத்துத் தழும்பை விட்டுச்செல்கிறது. குழாய் முழுதும் அடைபட்டால் கரு உண்டாகாது. அரைகுறையாகக் கெட்டிருந்தால் கரு குழாயிலேயே தங்கிவிடும் அபாயம் உண்டு, அது உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை கிருமியைக் கொல்லுமே தவிர, விழுந்துவிட்ட தழும்பை அழிக்காது. ஆனால் தொற்று வந்த எல்லாருக்கும் குழாய் கெடுவதில்லை என்பதால், சிகிச்சை முடிந்தபின், கருப்பைக்குள் சாயம் செலுத்திக் குழாய் திறந்திருக்கிறதா என்று காட்டும் ஹெச்எஸ்ஜி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே முறை.

கணவருக்கும் கட்டாயம் மருந்து வேண்டும். இருவரும் முடித்து ஏழு நாள் ஆகும்வரை உறவு கூடாது. இல்லையேல் தொற்று திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் குழாய்க்குக் கேடு கூடும். கிருமி மாதக்கணக்கில் ஓசையின்றி இருக்கக்கூடியது என்பதால் யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. ஆகவே வீட்டில் பஞ்சாயத்து வைக்க வேண்டாம்.

மல்லேஸ்வரம் அம்மா:
எனக்கு ஐந்தாம் மாதத்தில் தெரிந்தது. கர்ப்பத்தில் டாக்சிசைக்ளினைத் தவிர்ப்பார்கள் என்பதால் அசித்ரோமைசின் 1 கிராம் ஒரே வேளையாகத் தந்து, நான்கு வாரம் கழித்து மறுபடி சோதித்தார்கள். விட்டிருந்தால் குறைப்பிரசவ அபாயத்தோடு, பிரசவத்தின்போது குழந்தைக்கும் தொற்றி முதல் இரு வாரங்களில் கண் அழற்சியும், ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் நிமோனியாவும் வரக்கூடும் என்றார்கள். பையனுக்கு இப்போது இரண்டு வயது, நலமாக இருக்கிறான். உங்களுக்கு நாள் தள்ளிப்போயிருந்தால் மாத்திரையைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சிவாஜிநகர் வாசகர்:
நம் நாட்டில் கருக்குழாய் அடைப்புக்குக் காசநோயும் ஒரு முக்கியக் காரணம். அதையும் கேட்டுப் பாருங்கள். இரு குழாயும் அடைபட்டிருந்தாலும் ஐவிஎஃப் எனும் சோதனைக்குழாய் முறை வழி உண்டு, ஆனால் குழாயில் நீர் கோத்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யச் சொல்வார்கள். செலவு தயக்கமாக இருந்தால் அரசு மருத்துவமனைகளில் பால்வினைத் தொற்றுகளுக்கென உள்ள சுரக்ஷா மையங்களில் இருவருக்கும் இலவசச் சிகிச்சை உண்டு.

அல்சூர்வாசி:
முடிவுத்தாளில் பிசிஆர் என்றுதான் இருக்கிறது. நேற்றிரவு கணவரிடம் சொல்லிவிட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், சனிக்கிழமை தானும் வருவதாகச் சொன்னார்.