திவாலான ஊரில் 863 மில்லியன் டாலர் அரங்கம்: டெட்ராய்ட்டுக்கு இதில் என்ன கிடைத்தது?

நோவைவாசி:
மிச்சிகன் நண்பர்களுக்கு வணக்கம். வேலை மாறி டெட்ராய்ட் புறநகரான நோவைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. போன மாதம் பையன் நச்சரிப்பு தாங்காமல் பிஸ்டன்ஸ் கூடைப்பந்து ஆட்டம் பார்க்க லிட்டில் சீசர்ஸ் அரங்கத்துக்குப் போனோம். உள்ளே குறை சொல்ல ஒன்றுமில்லை, அருமையாகக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் வெளியே வந்து உட்வர்ட் அவென்யூவை விட்டு மேற்கே கொஞ்சம் நடந்தால் வண்டி நிறுத்தும் வெற்று இடம், அதைத் தாண்டினால் இன்னொரு வெற்று இடம், நடுநடுவே தனியாக ஒரு பழைய கட்டடம். அரங்கம் வந்தால் சுற்றிலும் கடையும் வீடுமாக ஒரு புது ஊரே முளைக்கும் என்று சொல்லித்தான் அரசுப் பணம் வாங்கினார்கள் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். அதுவும் ஊர் திவாலான அதே சமயத்தில். நிஜமா? திவாலான ஊரிடம் ஏது அவ்வளவு பணம்? யார் கொடுத்தது, யாருக்கு லாபம்? கட்சிச் சண்டை வேண்டாம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏரிக்கரையான்:
நிஜம்தான். டெட்ராய்ட் திவால் மனு போட்டது 2013 ஜூலை 18. கடன் சுமார் 18 பில்லியன் டாலர் என்று கணக்கு, அமெரிக்க நகரங்களில் அதுவரை யாரும் அவ்வளவு பெரிய தொகைக்குத் திவாலானதில்லை. அடுத்த ஒரு வாரத்துக்குள் மாநில அரசின் அமைப்பு ஒன்று இந்த அரங்கத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தெருவிளக்கு எரியவில்லை, ஓய்வூதியம் வெட்டப்படும் என்று முதியவர்கள் பயந்து கிடக்கிறார்கள், அந்த நேரத்தில் இந்தச் செய்தி வந்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அப்போது சொன்ன செலவு 450 மில்லியன். 2017 செப்டம்பரில் திறந்தபோது 863 மில்லியன் ஆகியிருந்தது, அதில் பொதுப்பணம் 324 மில்லியன். மீதியைப் போட்டது இலிச் குடும்பம். லிட்டில் சீசர்ஸ் பீட்சா, ரெட் விங்ஸ் ஹாக்கி அணி, டைகர்ஸ் பேஸ்பால் அணி எல்லாம் அவர்களுடையதுதான்.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் யாராவது "போலீஸ் சம்பளத்தை எடுத்து அரங்கம் கட்டினார்கள்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். இந்தப் பணம் நகராட்சியின் பொதுக் கஜானாவிலிருந்து வந்ததல்ல. டவுன்டவுனுக்கென்று டி.டி.ஏ. என்று ஒரு வளர்ச்சி ஆணையம் இருக்கிறது. அதன் எல்லைக்குள் ஒரு குறிப்பிட்ட ஆண்டில் இருந்த சொத்து மதிப்பை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதற்கு மேல் மதிப்பு ஏற ஏற வரும் கூடுதல் வரி அப்படியே அந்த ஆணையத்தின் பைக்குப் போகும். அதில் பள்ளிக்கூடங்களுக்குப் போக வேண்டிய வரியும் சேர்த்தி. அந்த வரியை அரங்கக் கடனுக்குத் திருப்பிவிட ஏதுவாக முன்கூட்டியே சட்டத்தைத் திருத்தி வைத்திருந்தார்கள். டெட்ராய்ட் பள்ளிகளுக்கு ஏற்படும் துண்டை மாநிலத்தின் பள்ளி நிதி ஈடுகட்டிவிடுகிறது. ஆக அந்தப் பிள்ளைகளுக்கு நேராக நஷ்டம் இல்லை, மாநிலத்தில் வரி கட்டும் எல்லோர் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விழுகிறது. நோவையில் இருக்கும் உங்கள் தலையிலும்தான்.

ஹாக்கிக்கிறுக்கன்:
எல்லோரும் சேர்ந்து அடிக்கும் முன் நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். 2000களின் தொடக்கத்தில் இருட்டிய பிறகு அந்தப் பக்கம் போக எங்கள் ஆபீஸில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. இன்று நான்கு பெரிய அணிகளும் டவுன்டவுனில் ஆடுகின்றன. பிஸ்டன்ஸ் அதற்கு முன்பு எங்கோ ஆபர்ன் ஹில்ஸில், நெடுஞ்சாலை ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடிந்தால் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான், சுற்றுவட்டாரத்தில் ஒன்றும் இருக்காது. 2024 ஏப்ரலில் என்.எஃப்.எல். டிராஃப்ட் (அமெரிக்கக் கால்பந்து அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் விழா) நடந்தபோது மூன்று நாளில் 7,75,000 பேர் வந்தார்கள். டவுன்டவுன் உயிரோடு இருந்ததால்தான் அது இங்கே வந்தது. இலிச் குடும்பம் 1980களிலேயே, யாரும் சீண்டாத காலத்தில் ஃபாக்ஸ் தியேட்டரை வாங்கிப் புதுப்பித்தார்கள். அந்தக் கணக்கை மட்டும் யாரும் பேசுவதே இல்லை.

ஒக்லஹோமா சிட்டியைப் பாருங்கள். அங்கே 1993-ல் மக்களே ஓட்டுப் போட்டு விற்பனை வரியை ஒரு சதவீதம் ஏற்றிக்கொண்டார்கள். அந்தக் காசில் பேஸ்பால் மைதானம், கால்வாய், கூடைப்பந்து அரங்கம் எல்லாம் வந்தன. சொந்தமாகப் பெரிய அணியே இல்லாத ஊரில் அரங்கத்தைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். 2008-ல் சியாட்டிலிலிருந்து கூடைப்பந்து அணி வந்து சேர்ந்தது, 2025-ல் கோப்பையே அடித்துவிட்டார்கள். அரசுப் பணம் என்றாலே கெட்டது என்று எப்படிச் சொல்வது?

கணக்கப்பிள்ளை:
ஒக்லஹோமாவை நீங்களே இழுத்தது நல்லதாகப் போயிற்று. அங்கே மூன்று விஷயம் வேறு. மக்களைக் கேட்டார்கள். கடன் வாங்காமல் வரி வர வரக் கட்டினார்கள். கட்டியது அரங்கம் மட்டுமல்ல, நூலகம், ஆற்றோரம், அரங்கக் கலைகளுக்கான மண்டபம் என்று ஒரு முழுக் கட்டு. டெட்ராய்ட்டில் இந்த மூன்றில் எது நடந்தது? அந்த ஒக்லஹோமாவே பின்னால் தாராளமாகிவிட்டது என்பது தனிக்கதை. 2023 டிசம்பரில் புது அரங்கத்துக்கு ஓட்டுப் போட்டார்களே, குறைந்தது 900 மில்லியன் டாலர் திட்டம், அதில் அணி முதலாளிகள் போடுவது 50 மில்லியன். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

அப்புறம் பொருளாதாரக் கணக்கு. இந்தத் துறையில் பல பத்தாண்டுகளாக ஆராய்ச்சி நடக்கிறது. பெரும்பாலான பொருளாதார அறிஞர்கள் எதிலும் ஒத்துப்போகாதவர்கள், இதில் மட்டும் வலதும் இடதும் கிட்டத்தட்ட ஒரே குரலில்தான் பேசுகிறார்கள்: அரங்கம் ஊரின் வருமானத்தைக் கூட்டுவதில்லை, ஏற்கெனவே செலவாகும் பணத்தை இடம் மாற்றுகிறது. நோவைக் குடும்பம் ஒன்று மாதத்துக்கு இவ்வளவுதான் பொழுதுபோக்குக்கு என்று வைத்திருக்கும். பிஸ்டன்ஸுக்குப் போனால் அந்த மாதம் சினிமாவும் ஹோட்டலும் குறையும்.

டெட்ராய்ட் விஷயத்தில் இதற்குள் ஒரு நெளிவு இருக்கிறது, அதை விமர்சிப்பவர்களும் கவனிப்பதில்லை. புறநகரில் செலவாக வேண்டியது டெட்ராய்ட் நகருக்குள் செலவானால் டெட்ராய்ட்டுக்கு அது லாபம்தான். இந்த நகருக்குத் தனியாக வருமான வரி உண்டு: உள்ளூரில் வசிப்பவர்களுக்கு 2.4 சதவீதம், வெளியூரிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்களுக்கு 1.2. பிஸ்டன்ஸ் ஆபர்ன் ஹில்ஸை விட்டு வந்ததும் கோடிகளில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள் இந்த வலைக்குள் வந்தார்கள். சின்னத் தொகை இல்லை அது. ஆனால் ஆபர்ன் ஹில்ஸ் இழந்தது, அங்கிருந்த பேலஸ் அரங்கத்தை 2020-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதுவும் பாழடைந்த கட்டடம் இல்லை, 1988-ல் தனியார் பணத்தில் கட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மாநிலம் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் கூட்டல் கழித்தல் பூஜ்ஜியத்துக்குப் பக்கம். மாநிலத்தின் பள்ளி நிதிதான் துண்டை ஈடுகட்டுகிறது என்று ஏரிக்கரையான் சொன்னாரே, அதையும் இதையும் சேர்த்துப் படியுங்கள். கொடுப்பது மாநிலம், லாபம் வந்தால் நகரத்துக்கு, உறுதியான லாபம் அணி முதலாளிக்கு.

ஏரிக்கரையான்:
அந்த "உறுதியான லாபம்" எப்படி என்று ஒப்பந்தத்தைப் பார்த்தால் புரியும். அரங்கத்தின் சொந்தக்காரர் டி.டி.ஏ., அதனால் அதற்குச் சொத்து வரி கிடையாது. நடத்துவது இலிச் நிறுவனம். டிக்கெட், சாப்பாடு, வண்டி நிறுத்தம், கச்சேரி எல்லா வரும்படியும் அவர்களுக்கு. குத்தகை 35 ஆண்டு, அதற்கு மேல் நீட்டித்துக்கொண்டே போனால் 95 ஆண்டு வரை போகலாம். ரெட் விங்ஸ் முன்பு ஆடிய பழைய ஜோ லூயி அரங்கத்தில் நகராட்சிக்கு வாடகையும் டிக்கெட்டில் பங்கும் இருந்தது, இங்கே அந்தப் பங்கும் இல்லை. அரங்கத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை 20 ஆண்டுக்கு 125 மில்லியன் டாலர். அதைக் கொடுப்பதும் இலிச்சின் பீட்சா கம்பெனி, வாங்குவதும் இலிச்சின் இன்னொரு கம்பெனி. பொதுமக்கள் கட்டிடத்தில்.

நிலத்தையும் சொல்லிவிடுகிறேன். 2014-ல் நகர்மன்றம் 39 காலி மனைகளை ஒரே ஒரு டாலருக்கு அரங்கத்துக்காகக் கொடுத்தது. அதே ஆண்டு கோடையில்தான் "டிஸ்ட்ரிக்ட் டெட்ராய்ட்" என்று வண்ணப்படம் போட்டு, 50 பிளாக், ஐந்து புதுக் குடியிருப்புப் பகுதிகள் என்றெல்லாம் அறிவித்தார்கள். நீங்கள் பார்த்த வெற்று இடங்களில் பல அந்தப் படத்தில் மரமும் மாடிவீடும் காபிக் கடையுமாக இருந்தவை. நடுவில் தனியாக ஒரு பழைய கட்டடம் பார்த்தேன் என்றீர்களே, எடிஸ்டோன் ஹோட்டலாக இருக்கலாம். அரங்கம் திறந்து ஓராண்டுக்குள் அதைப் புதுப்பித்துத் தருவோம் என்பது பேச்சு. கெடு தாண்டி, நகர்மன்றத்தில் சத்தம் போட்ட பிறகுதான் அடுக்குமாடி வீடுகளாக மாறியது. காஸ் அவென்யூவில் பழைய சைனாடவுனின் மிச்சமாக நின்ற ஒரு கட்டடத்தை நகர்மன்றம் பொறுக்கச் சொல்லியும் 2023 கோடையில் இடித்தார்கள்.

கட்டுமான வேலையில் 51 சதவீத நேரம் டெட்ராய்ட்வாசிகளுக்கு என்று நிபந்தனை இருந்தது, அதை எட்டாத ஒப்பந்தக்காரர்கள் அபராதம் கட்டினார்கள். கவனியுங்கள், ஆளெடுப்புக்கு அபராதம் எழுதத் தெரிந்தவர்களுக்கு, ஐந்து குடியிருப்புப் பகுதிகள் வராமல் போனால் என்ன அபராதம் என்று எழுதத் தோன்றவில்லை.

கொலம்பஸ்காரி:
பக்கத்து மாநிலத்துக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓஹையோவின் கொலம்பஸ், எங்கள் ஊரில், 1997-ல் அரங்கத்துக்கு வரி கேட்டார்கள், மக்கள் முடியாது என்று ஓட்டுப் போட்டுவிட்டார்கள். "போச்சு, இனி ஹாக்கி அணி வராது" என்று பயமுறுத்தினவர்கள் வாயடைக்க, நேஷன்வைட் காப்பீட்டு நிறுவனமே முன்வந்து பழைய சிறைச்சாலை இருந்த இடத்தில் தன் பணத்தில் கட்டியது. 2000-ல் திறந்தாயிற்று. சுற்றியிருந்த நிலமும் அவர்கள் கையில், அதனால் அதில் வீடும் ஆபீஸும் கட்டி வாடகைக்கு விட்டால்தான் போட்ட காசு திரும்பும். கட்டினார்கள். இன்று அந்த அரீனா டிஸ்ட்ரிக்டில் ஆட்டம் இல்லாத நாளிலும் கூட்டம் இருக்கிறது.

ஆனால் ரொம்பப் பெருமைப்படவும் வழியில்லை. அணிக்கு நஷ்டம் என்று சொல்லிச் சொல்லி 2012-ல் பொது அமைப்பு ஒன்று 42.5 மில்லியன் டாலருக்கு அரங்கத்தை வாங்கிக்கொண்டது. சூதாட்ட விடுதி வரியில் அடைத்துவிடலாம் என்றார்கள், அந்த வரி எதிர்பார்த்த அளவு வரவில்லை. கடைசியில் 2019-லிருந்து டிக்கெட்டுக்கு மேல் 5 சதவீத வரி. அதையாவது ஆட்டம் பார்க்கப் போகிறவர்களே கட்டுகிறோம், அந்த மட்டில் எனக்குச் சம்மதம்.

ஹாக்கிக்கிறுக்கன்:
கொலம்பஸ்காரி சொல்வது எல்லா ஊருக்கும் பொருந்தாதுங்க. 2013 டெட்ராய்ட்டில் எந்தக் காப்பீட்டு நிறுவனம் சொந்தப் பணத்தை இறக்கியிருக்கும்? வங்கிக்காரர்கள் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே ஓடிய காலம் அது. ஒப்பந்தத்தை ஒழுங்காக எழுதவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அரங்கமே வேண்டாம் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நோவைவாசி:
எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் வரும் என்று நினைக்கவில்லை. ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. நிலம் அவர்களிடம்தான் இருக்கிறது, ஊரும் இப்போது எழுந்துவிட்டது, வீட்டு வாடகையும் ஏறியிருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் கட்டாமல் போட்டு வைத்திருக்கிறார்கள்? கட்டினால் அவர்களுக்கே லாபம்தானே?

கணக்கப்பிள்ளை:
நல்ல கேள்வி. வெற்று இடத்துக்குச் சொத்து வரி குறைவு, கட்டடம் எழுப்பினால் வரி ஏறும். தாரை ஊற்றிக் கோடு போட்டுவிட்டால் ஆட்ட நாளில் ஒவ்வொரு காருக்கும் காசு வந்துகொண்டிருக்கும். நிலத்தின் விலை தானாக ஏறிக்கொண்டிருக்கும், அதை ஏற்றுவது பக்கத்தில் பொதுப்பணத்தில் நிற்கும் அரங்கம். கட்டுவதற்கு என்ன அவசரம்? மேயராக இருந்த மைக் டகன் 2023-ல் இதை உடைக்கத்தான் நிலத்துக்கு வரியைக் கூட்டிக் கட்டடத்துக்குக் குறைக்கும் திட்டம் கொண்டுவந்தார். மாநிலச் சட்டமன்றத்தில் போய் நின்றுவிட்டது.

அதே 2023-ல் நகர்மன்றம் இரண்டாவது தவணைக்கும் சம்மதித்தது. இலிச் நிறுவனமும் ரிலேட்டட் என்ற கட்டுமான முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து அரங்கத்தைச் சுற்றிப் பத்துக் கட்டடங்கள், 1.5 பில்லியன் டாலர் திட்டம், அதற்குப் பொதுச் சலுகை சுமார் 800 மில்லியன். தொகையைப் பார்த்தால் தலை சுற்றும், ஆனால் எழுத்து இந்த முறை வேறு. சலுகையில் பெரும்பகுதி முன்பணம் இல்லை. முதலில் கட்ட வேண்டும், அந்தக் கட்டடத்தில் வேலை செய்பவர்கள், குடியிருப்பவர்கள் கட்டும் வரியிலிருந்துதான் பின்னால் திரும்பக் கிடைக்கும். கட்டாவிட்டால் அந்தப் பணம் போகாது. 2013-ல் அரங்கத்துக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் இப்படி ஒரு முடிச்சுப் போட்டிருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள்.

என்ன, அறிவித்தபடி வேலை ஓடவில்லை, வட்டி ஏறியது ஒரு காரணம். அங்கே மண்ணைத் தோண்டி வேலை தொடங்கியதில் பெரியது மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் புத்தாக்க மையம், அதிலும் மாநிலப் பணம் நிறைய இருக்கிறது.