'நோ டெவலப்மென்ட் ஸோன்' தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

நண்பர்களே, அவசரம். கடலோர ஊர்களில் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன்னால் கொடுக்க நாலு பக்க நோட்டீஸ் ஒன்றைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில் வரும் 'நோ டெவலப்மென்ட் ஸோன்' என்பதில் மாட்டிக்கொண்டேன். புதிதாக எதுவும் கட்டக்கூடாத பகுதி என்று பொருள். கிராமப்புறக் கரையில் உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல்நீர் ஏறும்போது எட்டும் எல்லையிலிருந்து, 200 மீட்டர் வரை என்று 1991இல் வந்தது. 2019 அறிவிக்கைப்படி, 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்த ஊர்களில் அது 50 மீட்டராகச் சுருங்கலாம். "வளர்ச்சியற்ற மண்டலம்" என்று எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "எந்த ஊரை இப்படித் திட்டுறாங்க?" என்று கேட்டார்.
– நோட்டீஸ்காரன்

அம்மா சொன்னதுதான் சரி. 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தில் டெவலப்மென்ட் என்றால் முன்னேற்றமே இல்லை. கட்டுவது, தோண்டுவது, நிலத்தின் பயனை மாற்றுவது, அவ்வளவுதான். அதை 'வளர்ச்சி' ஆக்கிய அன்றே பாதி வழக்கு தோற்றுப்போனது. ஈசிஆர் கடற்கரைச் சாலையில் மனை விற்கிறவருக்கு வளர்ச்சி, அதைத் தடுக்கிறவர் வளர்ச்சிக்கு எதிரி!
– வரைபடம்

'விடுகரை' எனலாம். வினைத்தொகை, விட்ட கரை, விடுகின்ற கரை, விடும் கரை என முக்காலமும் அடங்கும். இரண்டே அசை, நாவில் நிற்கும்.
– புலவர்

புலவர் ஐயா, கோவிக்காதீர்கள். எங்கள் ஊரில் இதை யாரும் வினைத்தொகையாகப் படிக்கமாட்டார்கள், "கரையை விடு" என்று ஏவலாகத்தான் படிப்பார்கள். சுனாமிக்குப் பிறகு 2005இல் வந்த அரசாணையில் 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் அப்பால் போனால்தான் அரசு வீடு, போகாதவர்கள் தங்கள் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அப்புறம் இன்னொன்று, அந்த 200 மீட்டர் சும்மா கிடக்கும் இடமில்லை. காலையில் ஏலம் அங்கேதான், கருவாடு அங்கேதான் காய்கிறது, வலை பொத்துவதும் அங்கேதான், கடல் சீறினால் படகை அதுவரைதான் தள்ளி ஏற்றுகிறோம்.
– நாகைக்காரன்

அப்படியானால் 'கட்டாத் தரை'? ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், புலவருக்கும் ஆறுதல்.
– வரைபடம்

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'கட்டாந்தரை' என்றுதான் காதில் விழும்! நாகைக்காரர் இப்போதுதானே சும்மா கிடக்கும் இடமில்லை என்றார்? வேண்டுமானால் 'கட்டாக் கரை'.
– வகுப்பறை

நடுவில் ஒரு கேள்வி: 'உயர் ஓதம்' மட்டும் புரியுமா? என் பாட்டி வீட்டில் மழைக்காலம் முழுக்கச் சுவரில் ஓதம் அடிக்கும், வைத்தியரிடம் போனால் ஓதம் வேறொரு வியாதி. 'உயர் அலை' என்றால் என்ன?
– திருச்சியிலிருந்து

அலை வேறு, ஓதம் வேறு! அலை நிமிடத்துக்குப் பல முறை வரும், ஓதம் நம் கரையில் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குவது. அலையை வைத்துக் கோடு போட்டால் யாருடைய கால் நனைந்தபோது போட்டது என்று கேட்பார்கள். சரி, மூலக் கேள்விக்கு வருகிறேன்: நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது, 'எக்கர்'. சங்க நூலான ஐங்குறுநூற்றின் ஞாழற் பத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. எக்குதல் என்றால் மேலெழுதல். கடல் எக்கித் தள்ளிய மணல் எக்கர். எக்கு, எக்களிப்பு, எகிறு எல்லாம் ஒரே வேர் என்பது என் நெடுநாள் கருத்து, 'எகிப்து' வரை போகலாம் என்று தோன்றுகிறது, ஆனால் இப்போது வேண்டாம்.
– புலவர்

நன்றி, ஐயா, வேண்டாம். எக்கர் மணல்மேட்டின் பெயர், மேடே இல்லாத கழியோரத்துக்கும் இந்த விதி உண்டே.
– வகுப்பறை

நாளை அச்சு. 'கட்டாக் கரை'க்கு நாலு பேர், 'எக்கர்' ஒருவர், மற்றவர்கள் பேசக் காணோம். ஆனாலும் 'கட்டாக் கரை'யைக் கட்டி முடிக்காத கரை என்று அம்மா புரிந்துகொண்டார். அதனால் தலைப்பில் 'புதுக் கட்டடம் கூடாத கரை' என்று நீட்டியே போட்டுவிட்டேன். 'புது' என்பது நாகைக்காரருக்காக. அனுமதியோடு இருக்கும் பழைய வீட்டைப் பழுது பார்க்கலாம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.
– நோட்டீஸ்காரன்

இது சொல் இல்லை, வாக்கியம். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.
– புலவர்

எனக்குச் சம்மதம். படத்தில் அந்த இடத்தை வெள்ளையாக விட்டிருக்கிறீர்கள், 'வலை காயும் இடம்' என்று சின்னதாகப் போட முடியுமா?
– நாகைக்காரன்

போடலாம். ஆனால் இரண்டாம் பக்கத்தில் 'கட்டடம்', மூன்றாம் பக்கத்தில் 'கட்டிடம்' என்று இருக்கிறதே? கட்டு இடம் என்றால் மனை, கட்டடம் என்றால் கட்டியது. இந்த விதிக்கு அந்த வேறுபாடுதான் உயிர்.
– வகுப்பறை

அடடா. கட்டிடமே சரி என்பதற்கு என்னிடம் நான்கு சான்றுகள் உள்ளன. இன்றிரவு எழுதுகிறேன்.
– புலவர்