பிரான்சின் லூர்து நகரில் வழிகாட்டியோடு சுற்றியவர்களே, உங்களை இன்னும் விடாத அந்த ஒரு நிமிடம் எது?

வில்லியனூர் மகள்

மாதா காட்சி கொடுத்த பாறைக்குகையான கெபி, ஊற்று, மெழுகுவர்த்திப் பவனி எல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. நான் எழுத வந்தது கஷோவைப் பற்றி. 1858-இல் மாதாவைக் கண்ட ஏழைச் சிறுமி பெர்னதெத்தின் குடும்பம் அந்தச் சமயத்தில் குடியிருந்த ஒற்றை அறை. சுற்றுலா நிறுவனம் ஏற்பாடு செய்த குழு, பேருந்து நிறைய ஆட்கள், பகுதி பகுதியாகத்தான் உள்ளே விட்டார்கள். அம்மாவும் நானும் கடைசியில்.

வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு காலத்தில் ஊர்ச் சிறை, சுகாதாரம் இல்லை என்று மூடிப் போட்டது. பதினாறு சதுர மீட்டர் இருக்கும். அதில் அப்பா, அம்மா, நாலு பிள்ளைகள். ஜன்னலைத் திறந்தால் எருக்குழி நாற்றம். ஆஸ்துமாக்காரப் பெண் அங்கேதான் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். பிப்ரவரி 11 அன்று அடுப்புக்கு விறகு இல்லாமல்தான் தங்கையோடும் ஒரு தோழியோடும் ஆற்றங்கரைக்குப் போனாள். இதெல்லாம் சின்ன வயதிலிருந்து நவநாள் பிரசங்கத்தில் கேட்டதுதான்.

அப்புறம் வழிகாட்டி சொன்னதை நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை. காட்சிக்கு முந்தின வருஷம், 1857 மார்ச்சில், பெர்னதெத்தின் அப்பா பிரான்சுவாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஒரு ரொட்டிக்கடைக்காரரிடம் மாவு மூட்டை திருடு போயிருக்கிறது. 'அவனுடைய வறுமையைப் பார்த்துத்தான் அவனாக இருக்கலாம் என்று நினைத்தேன்' என்று அந்தக் கடைக்காரர் சொன்னதாகப் பதிவே இருக்கிறதாம். ஒரு வாரத்துக்கு மேல் உள்ளே வைத்திருந்து, ஆதாரம் இல்லை என்று விட்டிருக்கிறார்கள்.

இதைத் தமிழில் சொன்னதும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். 'எங்கப்பாவையும் ஒரு நாள் இப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்க' என்றார். தாத்தாவைப் பற்றி இப்படி ஒரு விஷயம் எங்கள் வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதே இல்லை. யார், எதுக்கு என்று நான் திரும்புவதற்குள் வழிகாட்டி கைதட்டி, அடுத்த குழு காத்திருக்கிறது, வெளியே வாருங்கள் என்று சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் அம்மா வாயை மூடிக்கொண்டார். ஊர் திரும்பியும் கேட்டுப் பார்த்தேன். 'விடும்மா' என்பதோடு சரி.

இன்னும் ஐந்து நிமிடம் அந்த அறையில் விட்டிருந்தால் அம்மா சொல்லியிருப்பார். அதுதான் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது.

பாரிஸ் மன்னாரான்

தங்கச்சி, உங்கட அம்மாவின் கதை மனதைப் பிடித்துவிட்டது. ஆனால் வழிகாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் பாரிஸிலிருந்து பஸ் பிடித்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவன். ஐந்து மணிக்கு நற்கருணைப் பவனி தொடங்கிவிடும், வயது போனவர்களை அதற்கு முன்னம் கொண்டுபோய் இருத்த வேண்டும். ஒருவருக்காக நின்றால் பின்னால் நிற்கிற அத்தனை பேருக்கும் அந்த அறை கிடைக்காது.

என்னுடைய நிமிடம் இரவுப் பவனியில். ஓகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாட்கள். இலங்கையில் மடு மாதா திருநாளும் அன்றுதானே, அதனால் எங்கட சனம் நிறைய வரும். ஒன்பது மணிக்கு எல்லோரும் மெழுகுதிரியோடு நடக்கிறோம். செபமாலையின் ஒவ்வொரு பத்து மணிச் செபத்தையும் ஒவ்வொரு பாஷையில் சொல்லுவார்கள். இத்தாலியன் முடிந்தது, திடீரென்று ஒலிபெருக்கியில் 'அருள் நிறைந்த மரியாயே வாழ்க' என்று தமிழ். எனக்குப் பக்கத்தில் வந்த ஒரு அம்மா, பஸ்ஸில் வழி முழுக்கச் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தவ, அந்த இடத்தில் மறுமொழி சொல்லாமல் நின்றுவிட்டா. திரி சரிந்து மெழுகு கையில் ஊற்றுகிறது, அவ அசையவில்லை. 2009-இல் காணாமல் போன மகனின் படத்தைக் கைப்பையில் வைத்திருந்தவ என்று பிறகுதான் தெரியும். நான் திரியை வாங்கிப் பிடித்தேன். வேறு என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

பழைய திருப்பயணி

நான் போனது கொரோனாவுக்கு ரொம்ப முன்னால். ஊற்றுத் தண்ணீர் நிரப்பிய குளியல் தொட்டியில் இறங்கினவன். தண்ணீர் எலும்பைப் பிடிக்கும் குளிர். ஈரத் துணியைச் சுற்றிவிடுவார்கள், இரண்டு பக்கமும் இரண்டு தொண்டர்கள் கையைப் பிடித்து நடத்தி, அப்படியே பின்பக்கமாகச் சாய்த்து எடுப்பார்கள். முட்டிவலியோடு இறங்கிய என் கையை ஒரு அயர்லாந்துக் கிழவர், என்னைவிட வயதானவர், விடவே இல்லை. மேலே வந்ததும் துடைத்துக்கொள்ளத் துண்டு தரமாட்டார்கள், அப்படியே சட்டையைப் போடவேண்டியதுதான்.

இப்போது என் தம்பி குடும்பம் போய்விட்டு வந்து, கையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்கள், முகம் கழுவினோம், குடித்தோம் என்கிறார்கள். இதற்கா அவ்வளவு தூரம்? தொட்டியில் இறங்காமல் வந்தால் லூர்து போன பலன் பாதிதான் என்பது என் கருத்து. வழிகாட்டிகளாவது கேட்டு வாங்கித் தரவேண்டும்.

ஜெனீவா நர்ஸ்

ஐயா, மன்னிக்கணும், இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. 1858 பிப்ரவரி 25 அன்று மாதா பெர்னதெத்திடம் சொன்னது ஊற்றுக்குப் போய்க் குடி, கழுவிக்கொள் என்பதுதான். அன்றைக்கு அங்கே தொட்டி ஏது? அவள் மண்ணைக் கையால் கிளறி, மூன்று தடவை சேற்றுத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நாலாவது தடவைதான் குடிக்க முடிந்தது. முகமெல்லாம் சேறு. பார்த்தவர்கள் பைத்தியம் என்று திட்டினார்கள். கையில் ஊற்றிக் கழுவுவதும் குடிப்பதும்தான் அவள் செய்ததற்கு ரொம்பக் கிட்டே இருப்பது.

இன்னொன்று. சுகமானவர்கள் எல்லோரும் தொட்டியில் சுகமானவர்கள் இல்லை. 1883-இலிருந்து அங்கே ஒரு மருத்துவ அலுவலகம் இருக்கிறது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் சுகம் பெற்றதாக வந்து பதிவு செய்திருக்கிறார்கள். திருச்சபை புதுமை என்று ஏற்றுக்கொண்டது 72 மட்டும். டாக்டர்களின் வேலை, இப்போதைய மருத்துவ அறிவால் இதை விளக்க முடியவில்லை என்று சொல்வதோடு முடிந்தது. புதுமை என்று அறிவிப்பது, சுகமானவருடைய மறைமாவட்ட ஆயர். எழுபதாவது புதுமை பெர்னதெத் மொரியோ என்ற பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீ. வருஷக்கணக்காக முதுகுத்தண்டு நரம்புப் பாதிப்பு, காலில் கவசம், வலிக்கு மார்ஃபின். 2008-இல் லூர்து போய் நோயாளிகளுக்கான ஆசீர்வாதம் வாங்கினார். சுகம் கிடைத்தது அங்கே இல்லை. தன் மடத்துக்குத் திரும்பி வந்து, சிற்றாலயத்தில் செபித்துவிட்டு எழுந்த பிறகு. பத்து வருஷம் ஆராய்ந்து, 2018 பிப்ரவரி 11 அன்று அறிவித்தார்கள். அந்த அம்மா பெற்றது பாதிப் பலனா, ஐயா?

நான் ஒரு கோடையில் நோயாளிகளை அழைத்து வரும் குழுவில் தொண்டராகப் போயிருந்தேன். ஒரு அப்பா, பக்கவாதம் வந்தவர், நீல நிற இழுவண்டியில். கெபிக்குள் கொண்டு போனேன். வழிகாட்டி பாறையைத் தொடச் சொன்னார். கோடிக்கணக்கான கைகள் பட்டு அந்தப் பாறை அத்தனை வழவழப்பு, மேலிருந்து ஈரம் கசியும். அவருடைய நல்ல கை எட்டவில்லை. வண்டியைத் திருப்ப இடமும் இல்லை. உடனே அவர் மனைவி தன் கையைப் பாறையில் வைத்து நனைத்து, அவருடைய வராத கையில் பூசிவிட்டார். தோளிலிருந்து விரல் நுனி வரை, அவசரப்படாமல். வரிசை அப்படியே நின்றது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னாரான் அண்ணா, நிற்க விட்டால் சனம் நிற்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தூலூஸ் என்ஜினியர்

நான் கிறிஸ்தவன் இல்லை. வேலை இங்கே பக்கத்தில் என்பதால் ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை அழைத்துப் போனேன். வேளாங்கண்ணிக்கு மொட்டை போட்ட குடும்பம்தான், அதனால் அவர்களுக்கு ஒன்றும் புதிதாக இல்லை. வாகனத்தை விட்டு இறங்கியதும் செருப்பைத் தேடிப்பிடித்துக் கழற்றினார்கள்.

என்னை விடாத விஷயம் வேறு. செபமாலைப் பேராலயத்தின் முகப்பில் கதவுகளை ஒட்டித் தகடு போட்டு மூடியிருந்தார்கள். வேலை நடக்கிறதா என்று எங்கள் வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன். அவர் குழுவை நிறுத்தினார். பொய் சொல்லி நகர்த்திவிட அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் நேராகச் சொன்னார். அங்கே இருந்தவை 2008-இல், 150-ஆம் ஆண்டுக்காகப் பதித்த மொசைக் படங்கள். அவற்றைச் செய்த குருவானவர்மேல் பல பெண்கள், துறவிகளாக இருந்தவர்கள், பாலியல் கொடுமைப் புகார் சொல்லியிருக்கிறார்கள். 2024-இல் இரவு விளக்கு போடுவதை நிறுத்தினார்கள், 2025 மார்ச்சில் ஆயர் மூடச் சொல்லிவிட்டார். இதே மாதிரி துன்பம் அனுபவித்தவர்கள் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வர முடியாமல் தவித்தார்கள், அவர்களும் வரவேண்டும் என்பதற்காகத்தான் மூடியிருக்கிறோம் என்றார்.

எங்கள் குழுவில் ஒரு பெண் இருந்தார். காலையிலிருந்து யாரோடும் பேசாதவர். அவர் போய் அந்த வழிகாட்டியின் கையைப் பிடித்து 'மெர்சி' என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. பிறகு எல்லோருக்கும் முன்னால் கதவுக்குள் போனார். அந்தத் தகடு யாருக்காக என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மாதா பக்தை, பெரம்பூர்

தம்பி, நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள், தெரிகிறது. ஆனாலும் திருத்தலத்துக்குப் போய்விட்டு வந்து இதையா பேசுவது? மனக்கஷ்டத்தோடு வருகிறவர்கள் ஆறுதலுக்கு வருகிறார்கள். வழிகாட்டிகள் அதை மனதில் வைத்துப் பேசவேண்டும்.

என் அனுபவம் சின்னது. கெபியின் மேலே இருக்கும் வெள்ளைச் சலவைக்கல் சுரூபத்தைப் பார்த்து நான் அழுதுகொண்டிருந்தபோது, 1864-இல் இதை வைத்த சமயம் பெர்னதெத் பார்த்துவிட்டு, தான் கண்டது போல இல்லை என்றாள் என வழிகாட்டி சொன்னார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. எங்கள் பெரம்பூர் கோயிலில் நான் பிறந்ததிலிருந்து கும்பிடுவது அதே சாயல்தானே.

சரி, புதிதாகப் போகிறவர்களுக்காகச் சில விஷயம் சொல்கிறேன். பிப்ரவரி 11 திருநாளுக்குப் போக ஆசைப்படுவீர்கள், ஆனால் பிரனீஸ் மலையடிவாரம், குளிர் தாங்காது. இரவுப் பவனி தினமும் நடப்பது ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை, வயதானவர்களை அப்போது கூட்டிப் போங்கள். ஆனால் மழை எந்த மாதத்திலும் வரும், ஸ்வெட்டரும் குடையும் கட்டாயம். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் ஐந்து மணி நேரத்துக்குப் பக்கம் ஆகும். ரயிலடியிலிருந்து கெபிக்கு இறக்கம், திரும்புகையில் ஏற்றம், முட்டிவலிக்காரர்கள் டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குழாய் இலவசம், போத்தலுக்குத்தான் கடையில் காசு. மாதா உருவம் போட்ட போத்தல்கள் பெட்டியில் கசியும், இறுக்கமான மூடி உள்ள சாதாரணப் பிளாஸ்டிக் போத்தலை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். விமானத்தில் கைப்பையில் வைக்க விடமாட்டார்கள். மெழுகுவர்த்தி ஏற்றும் இடம் ஆற்றுக்கு எதிர்க்கரையில். கெபிக்கு முன்னால் அமைதி காக்கவேண்டும், நம் ஆட்கள் வீடியோ காலில் ஊருக்குக் காட்டிக்கொண்டு சத்தமாகப் பேசுவது நன்றாக இல்லை. முதல் மாடியில் அறை கேளுங்கள், சின்ன ஓட்டல்களில் லிஃப்ட்டில் சக்கர நாற்காலி நுழையாது. அரிசிச் சோறு தேடுகிறவர்கள் ஊறுகாயும் அவலும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெனீவா நர்ஸ்

அக்கா, போத்தல் விஷயம் நூறு சதவீதம் உண்மை. ஆனால் தூலூஸ் தம்பியிடம் சொன்னதை ஏற்க முடியவில்லை. அந்தக் குழுவில் ஆறுதல் தேடி வந்தவர் அந்தப் பெண்தானே? அவருக்கு அந்த ஆறுதல் கிடைத்தது, வழிகாட்டி மறைக்காமல் சொன்னதால்.

வில்லியனூர் மகள்

பெரம்பூர் அக்கா, நானும் ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊரிலும் அதே சுரூபம்தான், எதிரே குளம், அதன் முன்னால் வளர்ந்தவள் நான். பெர்னதெத் என்றால் வெள்ளை முக்காடு போட்டு முழங்காலில் நிற்கும் அழகான பிள்ளை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவள் அப்பாவைத் திருடன் என்று பிடித்துப் போனார்கள் என்பதை இத்தனை வருஷமாக யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் அம்மா ஊரிலேயே, மாதா முன்னாலேயே, தன் அப்பாவைப் பற்றி வாய் திறந்திருப்பார். ஏழை என்பதாலேயே சந்தேகப்பட்டுக் கூட்டிப்போன ஒரு மனிதருடைய மகளிடம்தான் மாதா வந்தாள். இதைப் பங்குக் கோயிலில் மேடையேறிச் சொல்லவேண்டும் என்றே நினைக்கிறேன்.

மன்னாரான் அண்ணா, நீங்கள் சொன்ன நேர நெருக்கடி புரிகிறது. அதனால் இனிமேல் குழுவோடு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு வருகிறேன். கஷோவில் கூட்டம் குறைவாக இருக்கும் நேரம் எது என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

பாரிஸ் மன்னாரான்

தங்கச்சி, காலையில் கதவு திறந்த கையோடு போங்கள். பஸ் குழுக்கள் பெரும்பாலும் அந்த நேரம் கெபியில் பூசைக்கு நிற்கும். ஓகஸ்ட் நடுப்பகுதியைத் தவிருங்கள், செப்டெம்பர் கடைசி நல்லது. பாரிஸில் இறங்குவதென்றால் முன்னமே எழுதுங்கள், ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.