பாட்டி செம்பனை மரத்திலிருந்து எடுத்து வந்த பெரணி

யாழினி, காலை 7:42
பெரியம்மா, பாட்டி கொடுத்த பெரணிச் செடி மோசமா இருக்கு. இலை நுனியெல்லாம் காஞ்சு பழுப்பாயிடுச்சு. இப்ப இலைக்கு அடியில பழுப்பு பழுப்பா பூச்சி வேற. படம் போட்டிருக்கேன் பாருங்க. அந்த இலையெல்லாம் வெட்டிடவா?

பெரியம்மா, 7:44
வெட்டாத மா. கத்தரிக்கோலக் கீழ வை.

பெரியம்மா, 7:50
படத்தப் பெருசாக்கிப் பாத்தேன். அது பூச்சி இல்ல, வித்துத் தூள் (ஸ்போர்) இருக்கிற புள்ளி. ஓரத்த ஒட்டி வரிசையா, ஒரே அளவுல இருக்கு பாரு. பெரணிக்குப் பூவும் கிடையாது, விதையும் கிடையாது. அந்தப் புள்ளிக்குள்ள இருக்கிற தூள்தான் அதுக்கு எல்லாமே. செதில் பூச்சின்னா இப்படி வரிசை கட்டி நிக்காது. தண்டுல, நரம்புல கண்ட இடத்துல ஒட்டியிருக்கும். நகத்தால சுரண்டினா கழண்டு வரும். இலையும் பிசுபிசுன்னு இருக்கும்.

யாழினி, 7:51
நேத்தே நாலு இலை வெட்டிட்டேன் பெரியம்மா 😢

பெரியம்மா, 7:52
போகட்டும், திரும்ப வரும். செடி எங்க இருக்கு?

யாழினி, 7:53
வேலை செய்யற ரூம்ல. ஏர்கோனுக்கு நேர் கீழ. காலையில போட்டா சாயங்காலம் வரைக்கும் ஓடும்.

பெரியம்மா, 8:01
நுனி காயறது அதனாலதான். கோலாலம்பூர் காத்துல சாதாரணமாவே 80 சதவீதம் பக்கம் ஈரம் இருக்கும். ஏர்கோன் அந்த ஈரத்த எடுத்துத்தான் பைப் வழியா வெளிய சொட்ட விடுது.
பாட்டி அந்தச் செடிய எங்கேர்ந்து எடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல. எஸ்டேட்ட விட்டுக் கிளம்புற அன்னைக்கு, செம்பனை மரத்துல வெட்டின மட்டைக் கட்டைக்கு இடையில வளந்திருந்தத வேரோட பேத்து, ஈரச் சாக்குல சுத்தி, பஸ்ல மடியிலயே வெச்சிக்கிட்டு வந்தாங்க. பாத்திரம் பண்டமெல்லாம் அப்புறம்தான் வந்துச்சு. நிழல், ஈரம், மக்கின குப்பை, அதுல வளந்த செடி மா அது.

தினேஷ், 8:03
அக்கா தினமும் ஸ்ப்ரே அடிக்கிறாங்க பெரியம்மா

பெரியம்மா, 8:05
அடிச்ச தண்ணி ஏர்கோன் காத்துல கொஞ்ச நேரத்துல காஞ்சிடும் தம்பி. இடத்த மாத்தணும். ஹால்ல ஜன்னல் எந்தப் பக்கம்?

யாழினி, 8:06
ஒண்ணு கிழக்கு, பால்கனி மேற்கு.

பெரியம்மா, 8:08
கிழக்கு ஜன்னல்கிட்ட, ரெண்டு மூணு அடி தள்ளி வை. மேற்கு வெயில் வேணாம், ஒரே மத்தியானத்துல இலை கருகிடும். ரொம்ப இருட்டு மூலையும் வேணாம். பேப்பர் படிக்கிற அளவு வெளிச்சம் இருக்கணும்.

சித்தி, 8:15
நான் என் செடிக்கு அரிசி கழுவின தண்ணிதான் ஊத்துறேன். நல்லா வருது.

பெரியம்மா, 8:17
உன்னுது வாசல்ல இருக்கு. வீட்டுக்குள்ள ஊத்தினா புளிச்ச வாடை வரும், குட்டி ஈ வரும். யாழினி, நீ சாதா தண்ணி ஊத்து. விரல மண்ணுல விட்டுப் பாரு. மேல் மண்ணு லேசா காய ஆரம்பிச்சா, அடியில ஒழுகுற வரைக்கும் ஊத்து. தினம் ஒரு கப்னு கணக்கு வெக்காத. முழுசாக் காய விட்டுடவும் கூடாது.

தினேஷ், 8:20
அடித்தட்டுல கூழாங்கல் போட்டுத் தண்ணி ஊத்தி, அது மேல சட்டிய வெச்சா ஈரம் கிடைக்கும்னு சொல்றாங்களே

ஈப்போ மாமா, 8:21
தட்டுல தண்ணி தேக்கவே கூடாது!

ஈப்போ மாமா, 8:26
நான் டெங்கில ஆஸ்பத்திரில படுத்து எழுந்தவன், அதனால சொல்றேன். ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டுத் தண்ணியே போதும், ஒரு வாரம் பத்து நாள்ல கொசுவாப் பறக்கும். தண்ணியக் கொட்டிட்டா முடிஞ்சிடுச்சுன்னு நினைக்காதீங்க. முட்டை தட்டோட உள்பக்கம் ஒட்டிக்கிட்டு மாசக்கணக்கா காஞ்சே கிடக்கும். திரும்பத் தண்ணி பட்டதும் பொரிக்கும். பிரஷ் போட்டுத் தேய்க்கணும். சுகாதார இலாகா ஆளுங்க வந்து புழு இருக்கிறதப் பாத்தா, 1975ஆம் வருஷச் சட்டத்துல அபராதம் உண்டு.

பெரியம்மா, 8:29
மாமா சொல்றது சரி. தட்டுல ஆத்து மணல நிரப்பி நனைச்சு வை. மணலுக்கு மேல தண்ணி நிக்கக் கூடாது. அதுவே போதும்.
இங்க பினாங்குல தண்ணீர்மலை பொட்டானிக் தோட்டம் 1884லேர்ந்து இருக்கு. அங்க மரத்தடிப் பெரணிகளப் போய்ப் பாரு, யாரு ஸ்ப்ரே அடிக்கிறா? ஒண்ண ஒண்ணு ஒட்டி நிக்குது, அதுங்களே ஈரத்தப் பிடிச்சு வெச்சுக்குது. நீயும் உன் மணிபிளான்ட், மத்த சட்டியெல்லாம் அதுகூடச் சேத்து வை.

யாழினி, 8:34
சரி பெரியம்மா. சட்டியிலேர்ந்து பச்சை நூல் மாதிரி நீளமா தொங்குது, இலையே இல்ல. அத வெட்டலாமா?

பெரியம்மா, 8:35
ஐயோ அதத் தொடாத!

பெரியம்மா, 8:41
அதுதான் மா குட்டி போடுற கொடி. பாட்டி நாலு பிள்ளைங்களுக்கும் செடி கொடுத்தாங்களே, எல்லாம் அந்த நூல்லேர்ந்து வந்ததுதான். சின்னச் சட்டியில தேங்காய் நாரும் மண்ணும் கலந்து பக்கத்துல வை. நூலோட நுனிய அது மேல படுக்க வெச்சு, தலைக்குக் குத்துற ஹேர்பின் வெச்சு அழுத்திக் குத்து. அறுக்காத. தாய்ச் செடியோட சேந்தே இருக்கட்டும். வேர் பிடிச்சு மூணு நாலு இலை வந்தப்புறம்தான் அறுக்கணும்.

ஈப்போ மாமா, 8:44
என் பங்குச் செடி வீடு மாறினப்ப போயிடுச்சுக்கா. உன்கிட்ட இத்தனை வருஷம் சொல்லல.

பெரியம்மா, 8:46
சொல்லியிருக்கலாமே டா.

யாழினி, 8:52
மாமா, மூணு நூல் இருக்கு. மூணையும் குத்தி வெச்சிட்டேன். ஒண்ணு உங்களுக்கு.

ஈப்போ மாமா, 8:53
அனுப்பாத மா. நானே வந்து எடுத்துக்கிறேன். ஈரச் சாக்கு கொண்டாறேன்.