43,980 எப்படி 48,750 ஆச்சு?

குழு: தாத்தா வீட்டுச் சொந்தம், சுங்கை சிப்புட்

வியாழன், இரவு 8:12

நான்: எல்லாரும் கொஞ்சம் இங்க வாங்க. நான் வாங்கப் பாக்கற காடி (கார்) பெரோடுவா பெஸா 1.3 எக்ஸ். கம்பெனி வெப்சைட்ல 43,980 வெள்ளின்னு (ரிங்கிட்) போட்டிருக்கு. இன்னைக்கு வேலை முடிஞ்சு ஒரு கடையில கொட்டேஷன் கேட்டேன். 48,750 எழுதிக் கொடுத்தாங்க

நான்: (படம்)

ஈப்போ சித்தி: ஒன்னும் தெரியல பாப்பா, கட்டை விரல்தான் தெரியுது

நான்: டைப் பண்றேன் சித்தி. காடி 43,980. இன்சூரன்ஸ் 1,620. ஆக்சசரி பேக்கேஜ் 2,800. ஹேண்ட்லிங் 350

கேஎல் அண்ணன்: இதுக்குத்தான் நடுவுல ஆளே இருக்கக் கூடாதுன்னு சொல்றது. என் பாஸ் டெஸ்லா வாங்கினாரு. போன்லயே கலர் பிடிச்சாரு, ஆயிரம் வெள்ளி கட்டினாரு, முடிஞ்சது. சேல்ஸ்மேன் முகத்தையே பாக்கல. அவருக்கு என்ன விலையோ அதேதான் எல்லாருக்கும்

அம்மா: என்ன விலை தம்பி

கேஎல் அண்ணன்: 2023 ஜூலைல இங்க வந்தப்போ மாடல் ஒய் 199,000, பெரியம்மா

அம்மா: சரி நீ சாப்ட்டியா

அப்பா: 😂

போர்மன் மாமா: கை கிரீஸா இருக்கு. வாய்ஸ் போடறேன்

போர்மன் மாமா: (குரல் பதிவு 1:48)

நான்: தாத்தாவுக்குக் காது சரியா கேக்காது, எழுதிப் போடறேன். மாமா சொல்றாரு: "அந்த 43,980 ஆன் த ரோட் விலை. ரிஜிஸ்ட்ரேஷன், ரோட்டேக்ஸ், நம்பர் பிளேட் எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. இன்சூரன்ஸ் மட்டும்தான் வெளிய. அப்புறம் என்ன ஹேண்ட்லிங்? காடியை அவன் தலையில தூக்கிட்டா வர்றான்? பேக்கேஜ்னா என்னென்னன்னு கேளு. டின்ட், மேட், கோட்டிங்னு சொல்வான். டின்ட் ஒட்ட என் பட்டறைக்குப் பக்கத்துலயே ஆள் இருக்கான்." பின்னாடி ஸ்பேனர் விழற சத்தம், அதுக்கப்புறம் மாமா யாரையோ திட்டறாரு, அதை எழுதல

ஈப்போ சித்தி: எனக்கும் இதே கதைதான். வேற பிராண்ட், நாலு வருஷம் ஆச்சு. பேக்கேஜ் வேணாம்னதும் அந்தப் பொண்ணு முகமே மாறிடுச்சு. "அப்போ காடி வர்றதுக்கு லேட் ஆகும் அக்கா"ன்னா. தீபாவளிக்குள்ள வேணும்னு வாயை மூடிட்டு 3,000 கட்டினேன். அந்த மேட் இப்போ எங்க வீட்டு நாய்க்குப் படுக்கை

கேஎல் அண்ணன்: பாருங்க! நேரா கம்பெனியே வித்தா இந்தக் கூத்து இருக்குமா?

போர்மன் மாமா: டேய் பெரோடுவாவும் ஒரு பக்கம் நேராதான்டா விக்கிறான். கம்பெனியோட சொந்தக் கிளை இருக்கு, டீலர் கடையும் இருக்கு. ரெண்டுலயும் காடி விலை ஒன்னுதான். வித்தியாசம் எல்லாம் காடிக்கு வெளிய வைக்கிறதுலதான்

நான்: அப்போ கிளைக்கே போயிடட்டா மாமா?

போர்மன் மாமா: போ. ஆனா அங்கயும் சேல்ஸ்மேன்தான் இருப்பான், சாமி இருக்காது

தாத்தா: டெஸ்லா இங்கே டீலர் இல்லாமல் எப்படி விற்கிறான். வெளிநாட்டுக் காடிக்கு ஏ.பி. என்ற இறக்குமதி அனுமதி வேண்டுமே.

(தாத்தா ரப்பர் தோட்டத்துல கிராணியா, அதாவது கணக்கு எழுதறவரா இருந்தவர். வாட்ஸ்அப்லயும் முற்றுப்புள்ளி வைப்பாரு.)

கேஎல் அண்ணன்: கரெக்ட் தாத்தா. பொதுவா வெளிநாட்டுக் காடி வரணும்னா ஏ.பி. வச்சிருக்கற லோக்கல் கம்பெனி மூலமாதான் வரும். டெஸ்லாவுக்கு வாணிபத்தைப் பாக்கற மித்தி அமைச்சு தனித் திட்டத்துல அனுமதி கொடுத்துச்சு. அதனால அவனே இறக்கி அவனே விக்கிறான். சீனாக்காரன் பிஒய்டி காடி பாருங்க, அதுக்கு சைம் டார்பின்னு லோக்கல் கம்பெனி நடுவுல இருக்கு

கேஎல் அண்ணன்: அமெரிக்காவுல இன்னும் வேடிக்கை. பல மாநிலத்துல கம்பெனி நேரா ஆளுங்களுக்கு விக்கவே கூடாதுன்னு சட்டம். டெக்சாஸ்ல டெஸ்லா ஃபேக்டரியே இருக்கு. ஆனா அந்த ஊர்க்காரன் அங்க கடைக்குப் போய் வாங்க முடியாது, வெப்சைட்லதான் ஆர்டர் போடணும்

அப்பா: வாசல்ல மாடு, பால் வாங்க பக்கத்து ஊருக்குப் போற மாதிரி. யாரு போட்ட சட்டம்?

கேஎல் அண்ணன்: டீலருங்க கேட்டு வாங்கினது பெரியப்பா. அவன் சொந்தக் காசைப் போட்டு கடை கட்டி, ஊருக்குள்ள அந்தக் காடிக்குப் பேரு வாங்கித் தருவான். அப்புறம் கம்பெனியே எதிர்ல கடை திறந்து விலையைக் குறைச்சா அவன் கதி? அதுக்குத்தான்

தாத்தா: ரப்பர் ஒட்டுப்பால் கதைதான். சின்னத் தோட்டக்காரர்கள் டீலரிடம்தான் போடுவார்கள். நேரே ஃபேக்டரிக்குப் போட்டால் கிலோவுக்குக் கூட கிடைக்கும் என்று தெரியாதவன் இல்லை. ஆனால் மழை மாதத்தில் மரம் சீவ முடியாமல் அரிசி வாங்கக் காசில்லாதபோது ஃபேக்டரியா முன்பணம் கொடுக்கும். டீலர் கொடுப்பான். பிறகு ஈரம் இருக்கிறது என்று சொல்லி எடையில் வெட்டுவான். இரண்டும் ஒரே ஆள்தான்.

ஈப்போ சித்தி: அப்பா ஆரம்பிச்சாச்சு, அடுத்து அந்தக் காலத்து மந்திரி சம்பந்தன் கதைதான்

தாத்தா: சம்பந்தன் 1960ல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது காடி வாங்க அல்ல. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். தொழிலாளி காசு சேர்த்துத் தானே தோட்டம் வாங்கட்டும் என்றார். இந்த ஊர்க்காரர். அது நினைவிருக்கட்டும்.

அம்மா: நினைவிருக்குப்பா, மாத்திரை போட்டீங்களா

இரவு 9:40

அம்மா: நான் ஒன்னு சொல்றேன். தோட்டத்து அஞ்சாம் லயத்துல நம்ம பக்கத்து வீட்டுல இருந்த பையன், இப்போ ஒரு காடிக் கடையில சேல்ஸ்மேன். உங்கப்பாவுக்கு லோன் போட்டப்போ சம்பள சிலிப் ஒழுங்கா இல்லன்னு ரெண்டு பேங்க் தள்ளிடுச்சு. அவன்தான் இவரைக் கூட்டிட்டுப் போய் இபிஎப் (சேமநிதி) ஸ்டேட்மென்ட் எடுத்து, மூணாவது பேங்க்ல வாங்கித் தந்தான். வெப்சைட் வந்து மோட்டர்ல ஏத்திட்டுப் போகுமா

அப்பா: அன்னைக்கு ரோட்டி சானாய் காசும் அவன்தான் கொடுத்தான்

கேஎல் அண்ணன்: பெரியம்மா, அவனுக்குக் கமிஷன் இல்லாமலா?

அம்மா: இருக்கட்டுமே. வேலை செஞ்சான்ல

போர்மன் மாமா: அக்கா சொல்றது சரி. கமிஷன் தப்பில்ல. எதுல எடுக்கறான்னு நமக்குத் தெரியணும், அவ்வளவுதான். பாப்பா, உனக்கு லோன் எத்தனை பர்சன்ட் போட்டிருக்கான்?

நான்: 3.4, ஒன்பது வருஷம். 10 விழுக்காடு முன்பணம் போக 39,582 லோன். மாசம் 479

போர்மன் மாமா: நீ வேலை செய்யற கம்பெனிக்குச் சம்பளம் போடற பேங்க்ல நீயே போய்க் கேளு. 3.0 கிடைச்சா?

நான்: இருங்க கால்குலேட்டர்

நான்: 39,582 இன்டூ 3 விழுக்காடு இன்டூ 9. வட்டி 10,687. மாசம் 465.46

நான்: 3.4ன்னா வட்டி 12,112. மாசம் 478.65

போர்மன் மாமா: மாசம் 13 வெள்ளிதானேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வான். 108 மாசத்துக்கு?

நான்: 1,425 😳

போர்மன் மாமா: எலி ஒளிஞ்சிருக்கற பொந்து அது. ஹேண்ட்லிங் 350ஐப் பாத்து நீ சண்டை போடுவே, சரின்னு அதை அடிச்சுட்டுச் சிரிப்பான். இதை நீ பாக்கவே மாட்டே. ஃபிளாட் ரேட் வேற, கடன் குறையக் குறைய வட்டி குறையாது

ஈப்போ சித்தி: இன்சூரன்ஸும் நீயே எடுக்கலாம் பாப்பா. ஏஜெண்டுக்குப் போற 10 விழுக்காட்டை ஆன்லைன்ல நேரா எடுத்தா நமக்கே கழிச்சுத் தர்ற கம்பெனி இருக்கு

ஈப்போ சித்தி: இல்லன்னா அத்தான் பேர்ல காடி எடுங்க. கிளெய்ம் பண்ணாததுக்கு இன்சூரன்ஸ்ல தர்ற கழிவு, என்சிடி, அவருக்கு 55 விழுக்காடு இருக்கே

அப்பா: அது என் பழைய காடி ஈஸ்வராவுக்கு ஓடிட்டு இருக்கு. ஒரே என்சிடியை ரெண்டு காடிக்குப் போட முடியாது

நான்: லோன் என் பேர்ல, காடியும் என் பேர்லயே இருக்கட்டும் சித்தி. பூஜ்யத்துல இருந்து ஏத்திக்கறேன்

போர்மன் மாமா: இன்னொன்னு. புக்கிங் காசைக் கம்பெனி அக்கவுண்ட்லதான் போடணும், ரசீது வாங்கணும். லோன் கிடைக்கலன்னா முழுசாத் திருப்பித் தரணும்னு அதுல எழுதச் சொல்லு. கல்யாணத்துக்கு முன்ன நான் ஒருத்தன் சொந்த அக்கவுண்ட்ல 500 போட்டேன். அவன் கம்பி நீட்டிட்டான். கடையில கேட்டா "அவர் எங்க ஆளே இல்ல"ன்னாங்க

கேஎல் அண்ணன்: பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கலாம் மாமா. பதியறதுக்கு 5 வெள்ளிதான், இப்போ 50,000 வரைக்கும் கேக்கலாம்

போர்மன் மாமா: அப்போ எனக்கு அது தெரியாதுடா. அத்தையாகப் போறவகிட்ட சொல்லவும் பயம்

வெள்ளி, மதியம் 1:05

நான்: லஞ்ச் டைம்ல கொட்டேஷன் கொடுத்த பையனைப் போய்ப் பாத்தேன். பேக்கேஜ் வேணாம், ஹேண்ட்லிங் என்னன்னு கேட்டேன். ஒரு நிமிஷம் பேசல. அப்புறம் "போர்மன் அண்ணன் சொல்லிக் கொடுத்தாரா"ன்னு கேக்கறான் 😂

நான்: ரெண்டையும் அடிச்சுட்டான். இன்சூரன்ஸ் நானே எடுக்கறேன். காடி 43,980. லோன், பேங்க்ல இருந்து 3.05 வந்திருக்கு

கேஎல் அண்ணன்: 3.0 இல்லையா

நான்: நீங்க வந்து பேசுங்க அண்ணா

கேஎல் அண்ணன்: சரி சரி. ஆனா அந்த ஒரு நிமிஷம் பேசாம இருந்தான் பாரு, வெப்சைட்ல அது இல்ல. கேக்கத் தெரியாதவங்க எல்லாம் 48,750 கட்டிட்டுப் போயிருப்பாங்க

அம்மா: அதுவும் உண்மைதான்

போர்மன் மாமா: காடி வர்ற அன்னைக்கு நான் வர்றேன். மழையில வாங்காதே, தண்ணி நின்னா பெயிண்ட் குறை தெரியாது. டயர்ல நாலு நம்பர் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். கிராண்ட்ல (காடிப் பத்திரம்) எந்த வருஷம் செஞ்ச காடின்னும் பாக்கணும். எல்லாம் பாத்துட்டுத்தான் கையெழுத்து

நான்: வாரண்டி 5 வருஷம் இல்ல 150,000 கிலோமீட்டர்னான். சர்வீஸுக்கு அவன் கடைக்கே வரணுமாம்

போர்மன் மாமா: பொய். பெரோடுவா சர்வீஸ் சென்டர் எதுக்கு வேணாலும் போகலாம். ஈப்போல விட்டுட்டு சித்தி வீட்டுல சாப்பிடு

ஈப்போ சித்தி: என் தலையில கட்டியாச்சு

அம்மா: எலுமிச்சம்பழம் நாலு, பூசணிக்காய் ஒன்னு, மறக்காம சொல்லுங்க

கேஎல் அண்ணன்: எலுமிச்சம்பழமாவது நேரா மரத்துல பறிங்க பெரியம்மா, கடையில பேக்கேஜ் போட்டுருவான்

மாலை 5:31

தாத்தா: இப்போதுதான் எல்லாம் படித்தேன். ஈஸ்வராவை டிரேட் இன், பழையதைக் கொடுத்தால் விலையில் கழிக்கிறேன் என்று அந்தப் பையன் கேட்டால் கொடுக்காதீர்கள். என் குடை அதில் இருக்கிறது.