இழை: ஆந்த்ரோபோபதிசம் – தமிழில் என்ன சொல்லலாம்?

காட்பாடியிலிருந்து:
அன்பர்களே, சமய ஒப்பீட்டுத் தாளுக்கான கலைச்சொல் பட்டியல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். கடவுளுக்குக் கை கால் வைப்பதல்ல இது. அவருக்கு இரக்கம், வருத்தம் என்று நம் உணர்வைக் கொண்டு பேசுவது. வகுப்பில் பைபிளின் 1 சாமுவேல் 15 எடுத்தேன். சவுலை ராஜாவாக்கியது கர்த்தருக்கு மனஸ்தாபம், அதாவது செய்ததற்கு வருத்தம், என்கிறது 11ஆம் வசனம். 29இல் ‘மனஸ்தாபப்பட அவர் மனுஷன் அல்ல’. ஒரே அதிகாரம்! கடைசி பெஞ்சு மாணவி எழுந்தாள்: “விரிஞ்சிபுரத்துல லிங்கம் சாஞ்சினு கீதே சார், பூசை பண்ண வந்த பையனுக்கு எட்டலன்னு மனசு எளகித்தான சாஞ்சாரு?” என்னிடம் சொல்லும் இல்லை, பதிலும் இல்லை.

ஆரணியிலிருந்து:
தற்குறிப்பேற்றம் கையில் இருக்க ஏன் அலைகிறீர்கள்? மதுரைக் கொடி காற்றில்தான் ஆடியது. கோவலனிடம் ‘வாரல்’ (வராதே) என்று கைகாட்டியதாக ஏற்றியவர் இளங்கோ. அதே அச்சில் ‘மாந்தவுணர்வேற்றம்’. மனுஷ, மானுட எல்லாம் வேண்டாம்.

குடியாத்தத்திலிருந்து:
ஏற்றம் என்றதும் எனக்குக் கிணற்றடிதான் ஞாபகம். எங்கள் ஊரில் ஏற்றம் ஒரு பக்கம், மாடு கட்டி நீர் இறைக்கும் கவலை ஒரு பக்கம். இரண்டும் போய், இப்போது வேறு கவலை. அது கிடக்கட்டும். எபிரேயத்தில் கருப்பை ரெஹெம், இரக்கம் ரஹமீம். நம் ‘கருணை’யும் ‘கரு’விலிருந்து வந்ததுதான் என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறேன். ‘கருவுணர்வு’ என்று வைக்கலாமே?

ஆரணி:
கருணை வடசொல் ஐயா. கருணைக்கிழங்குக்கும் கருதான் வேரா?

மேல்விசாரத்திலிருந்து:
இரக்கம் என்னும் அரபு ரஹ்மத்துக்கும் அதே வேர்தான். ஆனால் ‘அவனைப் போல் எதுவும் இல்லை’ (குர்ஆன் 42:11) என்றும் ஓதுகிறோம். ரஹ்மான் (அருளாளன்) என்று அழைத்தாலும் நம் இரக்கத்தால் அவனை அளக்க மாட்டோம். எனக்கு ‘ஏற்றம்’ சரி.

திருவலத்திலிருந்து:
எனக்குச் சரியில்லை. இல்லாததை வைப்பதுதான் ஏற்றம். கொடிக்குக் கை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். சிவனுக்கு அருள் இல்லை என்று யார் தீர்ப்பெழுதியது? வகுப்பில் விவாதிக்க வேண்டியதை உங்கள் கலைச்சொல்லே முடித்துவிடுகிறது. சைவ சித்தாந்தத்தில் மறக்கருணை உண்டு, ஒறுப்பதும் அருளே. நம் வீட்டுக் கருணையால் அளந்தால் அது கொடுமையாகத்தான் தெரியும். ஆக, நம் படி அவனுக்குப் போதாது. அதற்காக, படியில் அடங்காத நெல்லை நாம்தான் விளைவித்தோம் என்பீர்களா? வள்ளுவரும் சாமுவேல் மாதிரிதான்: 4ஆம் குறளில் ‘வேண்டுதல் வேண்டாமை இலான்’, 8இல் ‘அறவாழி அந்தணன்’. அந்தணன் யார்? எவ்வுயிர்க்கும் செந்தண்மை பூண்டவன் (30). விருப்பு வெறுப்பும் இல்லை, தண்ணளியும் உண்டு. ‘உணர்வுவமை’ என்று வையுங்கள். ஒப்பு மட்டும் சொல்லும், வழக்குத் தீர்க்காது.

ஆரணி:
உவமை என்றால் அணி இலக்கணத்தில் உவமானம் எது, உவமேயம் எது என்று கேட்பார்கள்.

திருவலம்:
கேட்கட்டும். அதுதானே கேள்வியே!

காட்பாடி (வெள்ளி, இரவு 11):
மூன்று பேர் மாந்தவுணர்வேற்றம் என்றீர்கள்; மற்றவர்கள் களைத்துவிட்டீர்கள். அனுப்பிவிட்டேன். அந்த மாணவியிடம் படிக்கக் கொடுத்தேன், இரண்டு தடவை நாக்கு புரண்டது. “சாமிமனசுன்னு போடக் கூடாதா சார்?” என்றாள்.

திருவலம்:
அவள் சொல்லில் ‘ஏற்றம்’ இல்லை, கவனித்தீர்களா?

குடியாத்தம்:
கருணைக்கிழங்கு பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.